தெர்மல் கேமராவில் தெரிகிறது, சரி. யார் என்று தெரிகிறதா?

ஜூன் 3, இரவு 9.40 (கேள்வி)

ராணுவ வண்டியிலும் விமானத்திலும் இருக்கிற தெர்மல் கேமரா சுவரையும் மூடுபனியையும் ஊடுருவிப் பார்க்கும், இருட்டில் எவரும் அதனிடமிருந்து தப்ப முடியாது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அப்படியானால் சொந்தப் படையின் வண்டியையே சுட்டுவிட்டார்கள் என்று படிக்கிறோமே, அது எப்படி நடக்கிறது? இதில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு 11.15

ஹெலிகாப்டரின் மூக்குக்கு அடியில் தொங்கும் கேமரா உருண்டைகளைப் பிரித்துப் பூட்டுவதுதான் பதினொரு வருடம் என் வேலை. சில காலம் தரை வண்டிகளின் கேமராக்களையும் பார்த்தேன்.

சுவரை ஊடுருவாது. ஜன்னல் கண்ணாடியைக்கூட ஊடுருவாது. கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் நின்றால் திரையில் அவர் வரமாட்டார். கேமராவைப் பிடித்திருக்கும் உங்கள் உருவம்தான் மங்கலாகத் திரும்பி வரும். சுவரில் ஏதாவது தெரிந்தால், அது சுவரின் மேல்பரப்பு எங்கே சூடு, எங்கே குளிர்ச்சி என்பது மட்டுமே.

உலகத்தில் எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை வீசிக்கொண்டே இருக்கிறது. 27 டிகிரி செல்சியஸில் இருக்கும் மண், மரம், மனிதத் தோல் எல்லாம் ஏறக்குறைய 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தில்தான் அதிகமாக வீசும். 600 டிகிரியில் இருக்கும் எஞ்சின் புகைக்குழாய்க்கு அந்த உச்சம் 3.3 மைக்ரானுக்கு இறங்கிவிடும். காற்றில் இருக்கும் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் இடையில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. 3 முதல் 5 மைக்ரான் வரை ஒரு ஜன்னல், 8 முதல் 12 வரை இன்னொரு ஜன்னல், இந்த இரண்டும்தான் நமக்கு மிச்சம். ராணுவக் கேமராக்கள் இந்த இரண்டில் ஒன்றின் வழியாகத்தான் பார்க்கின்றன.

சாதாரணக் கண்ணாடி இந்த நீள அலைகளை விடாது என்பதால் லென்ஸ் ஜெர்மேனியத்தில் செய்வார்கள். முதல் தடவை கையில் வாங்கியபோது ஏதோ மூடியைத் தந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கனமாக, எஃகு போலப் பளபளக்கும் சாம்பல் வட்டு. கண்ணருகே பிடித்து விளக்கைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, முழு இருட்டு. அதையே கேமராவின் முன் பிடித்தால் அறை முழுக்கத் தெரிகிறது.

மூடுபனி பற்றி: புகைத் துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியது, 10 மைக்ரான் அலை அதைச் சட்டை செய்யாமல் தாண்டிப் போய்விடும். மூடுபனித் துளி அப்படியில்லை. அதன் அளவும் அந்த அலையின் அளவும் கிட்டத்தட்ட ஒன்று. அடர்ந்த பனியில் தெர்மல் கேமராவும் நம் கண்ணைப் போலவே திணறும்.

சுட்டுவிடுவது பற்றி நாளைக்கு எழுதுகிறேன். அதை அவசரமாக எழுத விருப்பமில்லை.

ஜூன் 4, காலை 6.50

முதலில் ஒரு சம்பவம். இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொல்ல முடியாது.

ஒரு பெரிய விமானம் பகல் முழுக்கத் தளத்தின் ஓரத்தில் வெயிலில் நின்றது. பொழுது சாயும் நேரத்தில் கிளம்பிப் போய்விட்டது. இருட்டிய பிறகு, பழுது பார்த்த உருண்டையைச் சோதிக்க நான் அந்தப் பக்கம் திருப்பினேன். திரையில் விமானம் நிற்கிறது. இறக்கை இரண்டும், வாலும், எஞ்சின்களின் உருண்டை விளிம்பும் அச்சு மாதிரி. பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் 'ஆமாம், நிற்கிறது' என்றார். எழுந்து வெளியே போய் வெறுங்கண்ணால் பார்த்தேன். காலித் தளம்.

பகலில் விமானத்தின் நிழல் விழுந்த இடத்தில் தார் சூடேறவில்லை. சுற்றியுள்ள தார் சூட்டைத் தேக்கி வைத்திருந்தது. விமானம் போன பிறகும் அதன் குளிர்ந்த நிழல் தரையில் கிடந்தது. நாங்கள் பார்த்தது விமானத்தை அல்ல, இரண்டு மணி நேரத்துக்கு முன்பு அது அங்கே இருந்ததை.

தெர்மல் படம் என்பது என்ன என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். பொருளை அது காட்டாது. சூட்டு வித்தியாசத்தைக் காட்டும். அந்த வித்தியாசத்துக்குப் பொருள் என்று பெயர் வைப்பது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நாம்.

ஜூன் 4, இரவு 10.05

'படத்தில் நிழல் கறுப்பாக இருந்ததா, வெள்ளையா?' என்று கேட்டிருக்கிறீர்கள். கறுப்பு. அன்றைக்குச் சூடானது வெள்ளையாக வரும்படி வைத்திருந்தோம். ஒரு பொத்தானில் மாற்றிக்கொள்ளலாம். தரையில் ஆட்களைத் தேட சூடு வெள்ளையாக இருப்பது பலருக்கு வசதி. நிலத்தைப் பார்த்துப் பறக்கிறவர்களில் சிலர் சூடு கறுப்பாக வருவதை விரும்புவார்கள், பகல் படம் போல இருக்கும் என்பார்கள். காணொளிகளில் வருகிற வண்ண வண்ணப் படம் சண்டைக் கருவிகளில் அநேகமாகக் கிடையாது. வண்ணம் கண்ணுக்கு அழகு, விளிம்புகளைக் குழப்பிவிடும்.

ஜூன் 6, மாலை 7.30

சொன்னபடி முக்கிய விஷயத்துக்கு வரவில்லை, மன்னிக்கவும். டிடெக்டர் பற்றிய, அதாவது லென்ஸுக்குப் பின்னால் இருந்து கதிரை உணரும் பாகம் பற்றிய கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன.

நீண்ட தூரம் பார்க்கும் கேமராக்களில் டிடெக்டரைக் குளிர்விக்க வேண்டும். மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் வாக்கில், திரவ நைட்ரஜனின் சூட்டு நிலை. இல்லாவிட்டால் டிடெக்டரின் சொந்தச் சூடே சத்தமாக இரைந்து வெளியிலிருந்து வரும் மெல்லிய கதிரை அமுக்கிவிடும். மெர்க்குரி காட்மியம் டெல்லுரைடு என்ற கலவையை 1959-ல் இங்கிலாந்தின் மால்வர்னில் உள்ள ரேடார் ஆய்வு நிலையத்தில் கண்டார்கள். இன்றைக்கும் அதுதான் இந்தத் துறையின் அரசன். பக்கத்திலேயே இண்டியம் ஆன்டிமோனைடு, 3 முதல் 5 மைக்ரான் ஜன்னலுக்கு.

பழைய கருவிகளில் டிடெக்டர் என்பது ஒரே வரிசையாக 60, 120 அல்லது 180 புள்ளிகள். அதன் முன்னால் கதிரைத் திருப்பிவிடும் ஒரு முகக்கண்ணாடி ஆடி ஆடிக் காட்சியை அந்த வரிசையின் மேல் தேய்த்துக்கொண்டு போகும். அமெரிக்கர்கள் 1970-களில் இதைப் பொதுப் பாகங்களாக வகுத்து டாங்கிக்கும் ஏவுகணைப் பார்வைக்கும் விமானத்துக்கும் அதையே பூட்டினார்கள். இப்போது அகலமும் உயரமும் கொண்ட பிக்சல் தளமே வந்துவிட்டது, ஆடும் கண்ணாடி பெரும்பாலும் போய்விட்டது.

குளிர்விப்பது ஒரு குட்டி ஸ்டிர்லிங் எஞ்சின், ஹீலியம் வாயுவை அழுத்தியும் விரித்தும் சூட்டை வெளியேற்றும். சுவிட்சைப் போட்டால் முதலில் கடுமையாக இரையும், ஐந்து முதல் பத்து நிமிடத்தில் இரைச்சல் தணிந்து ஒரே சுருதிக்கு வரும். அப்போது படம் எழும். எனக்குக் காது பழகிவிட்டது. சுருதி சேராமல் இழுத்துக்கொண்டே போனால் உள்ளே ஹீலியம் கசிந்திருக்கிறது அல்லது வெற்றிடம் கெட்டிருக்கிறது என்று படம் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த குறை. சில படங்களின் நடுவே ஒரு கறுப்பு வட்டம் மிதக்கும். லென்ஸ் அழுக்கு என்று புதிதாக வந்தவர்கள் துடைக்க ஆரம்பிப்பார்கள். அழுக்கு இல்லை. அந்தக் கடுங்குளிர் டிடெக்டர் லென்ஸின் உள்பரப்பில் தன் குளிர்ந்த முகத்தையே பார்க்கிறது. லென்ஸை வடிவமைத்தவர் கவனமாக இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கிவிடும்.

ஜூன் 7, காலை 7.10

திருத்தம். 3-ஆம் தேதி இரண்டு ஜன்னல்கள் என்று சொல்லிவிட்டு, புகைக்கு 10 மைக்ரான்தான் என்கிற மாதிரி எழுதினேன். அதைப் படித்து ஒருவர் '8 முதல் 12 தான் எப்போதும் மேல்' என்று முடிவு கட்டியிருக்கிறார். அது என் தவறு. புகை, தூசி, குளிர்ந்த நிலம், இவற்றில் நீள அலை மேல். ஈரப்பதம் மிகுந்த கடற்காற்றில் நீண்ட தூரம் பார்க்க வேண்டும் என்றால் 3 முதல் 5 பல நேரம் ஜெயிக்கும், ஏனென்றால் நீராவி அந்த நீள அலை ஜன்னலையும் கொஞ்சம் கொஞ்சமாக மூடுகிறது. தரை வண்டிக்கு ஒன்று, கடலின் மேல் பறக்கும் விமானத்துக்கு இன்னொன்று என்று வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜூன் 10, இரவு 11.50

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

ஒரு பயிற்சி இரவு. புதிதாகப் பூட்டிய கேமரா சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க என்னையும் வண்டிக்குள் ஏற்றியிருந்தார்கள். ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் மூன்று வெள்ளைப் புள்ளிகள், மெல்ல நகர்கின்றன. கன்னர், அதாவது குறிவைத்துச் சுடுபவர், 'மூன்று கவச வண்டி' என்றார். கமாண்டர் தன் திரையில் பார்த்து ஒத்துக்கொண்டார். நானும் பார்த்தேன், எனக்கும் கவச வண்டியாகத்தான் தெரிந்தது. கூர்ந்து பார்க்கப் பார்க்க ஒன்றில் பீரங்கிக் குழல்கூடத் தெரிகிற மாதிரி இருந்தது. நெருங்கி வந்த பிறகு பார்த்தால், வழி தவறி வந்த எங்கள் சொந்தத் தண்ணீர் லாரியும் இரண்டு சரக்கு லாரிகளும். அன்றைக்கு யாரிடமும் குண்டு கிடையாது. வண்டிக்குள் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்தக் குழலை நான் பார்த்தேனா? இன்றைக்கும் அந்த உருவம் மனதில் அப்படியே நிற்கிறது. லாரியில் குழல் கிடையாது.

1958-லேயே ஜான் ஜான்சன் என்ற அமெரிக்க ராணுவ ஆய்வாளர் இதற்கு ஒரு கணக்குச் சொல்லிவிட்டார். ஒரு பொருளின் குறுகிய பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமான கோட்டு ஜோடிகள் எத்தனையைக் கருவி பிரித்துக் காட்டுகிறது என்று பாருங்கள். ஒரு ஜோடி பிரிந்தால் 'அங்கே ஏதோ இருக்கிறது' என்று சொல்லலாம். நாலு ஜோடி பிரிந்தால் லாரியா டாங்கியா என்று சொல்லலாம். ஆக, கண்ட தூரத்தில் நாலில் ஒரு பங்குக்கு வந்தால்தான் அது யார் என்று சொல்ல முடியும்.

இப்போது 1991 வளைகுடாப் போரைப் பாருங்கள். தெர்மல் கருவியின் பெருமையைச் சொல்ல எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள், நியாயம்தான். அந்தப் பிப்ரவரியில் அமெரிக்க எஃப்-111 விமானங்கள் இருட்டியதும் பறந்து, மணலுக்குள் புதைத்து வைத்த ஈராக்கிய டாங்கிகளை ஒவ்வொன்றாக அடித்தன. பகலில் எல்லாம் ஒரே சூடு. பொழுது சாய்ந்ததும் மணல் சட்டென்று குளிர்ந்துவிடும், இரும்பு மெதுவாகத்தான் குளிரும். அந்த இடைவெளியில் டாங்கி ஒவ்வொன்றும் வெளிச்சம் போட்ட மாதிரி நின்றது. பிப்ரவரி 26 அன்று 73 ஈஸ்டிங் என்ற இடத்தில் மணற்புயலுக்குள் நடந்த சண்டையிலும் எம்1 டாங்கிகளின் தெர்மல் பார்வைதான் முடிவைத் தீர்மானித்தது. எதிரே நின்ற டி-72 டாங்கிகளில் அப்படிப்பட்ட கருவி இல்லை.

அதே போரில் எதிரியின் தாக்குதலிலும் சொந்தக் குண்டிலுமாகச் செத்த அமெரிக்க வீரர்கள் 148 பேர். அதில் 35 பேர் சொந்தப் படையின் குண்டில் செத்தவர்கள். பிப்ரவரி 17 இரவு ஒரு அப்பாச்சி ஹெலிகாப்டர் சொந்தப் படையின் இரண்டு கவச வண்டிகளை ஏவுகணையால் அடித்தது, இரண்டு வீரர்கள் இறந்தார்கள். வண்டிகள் திரையில் நன்றாகத் தெரிந்தன. அவை யாருடையவை என்பது திரையில் இல்லை.

35 பேரும் தெர்மல் கேமராவால் செத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. இடம் தவறியது, வானொலிக் குழப்பம், களைப்பு எல்லாம் அதில் உண்டு. நான் சொல்வது இதுதான்: சுடக்கூடிய தூரம் அடையாளம் தெரியும் தூரத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. நடுவே இருக்கும் அந்தச் சில கிலோமீட்டரை மனித மனம் தன் ஊகத்தால் நிரப்புகிறது, நான் குழலைப் பார்த்த மாதிரி.

ஜூன் 11, காலை 6.20

நேற்றைய கணக்கில் பிழை. படுத்த பிறகுதான் உறைத்தது. நாலு ஜோடி என்பது 'டாங்கி' என்று வகை தெரிவதற்கு. எந்த டாங்கி என்று தெரிய 6.4 ஜோடி வேண்டும். அதாவது கண்ட தூரத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் உள்ளே வர வேண்டும். ஆறு கிலோமீட்டரில் தெரிந்தது ஒரு கிலோமீட்டருக்குள் வந்தால்தான் பெயர் சொல்லலாம். இதுவும் பாதிக்குப் பாதி வாய்ப்புக்கான கணக்கு. அதாவது இரண்டு தடவையில் ஒரு தடவை சரியாகச் சொல்வார்.

இரண்டு படையும் ஒரே மாதிரி டாங்கியை வைத்திருந்தால் இந்தக் கணக்கும் உதவாது.

ஜூன் 15, இரவு 9.00

'அப்படியானால் சொந்த வண்டியில் பெரிதாக ஓர் அடையாளம் வரைந்துவிட வேண்டியதுதானே?' நல்ல கேள்வி. 1991-ல் அதைத்தான் செய்தார்கள், வண்டியின் பக்கத்தில் கவிழ்ந்த 'வி' வடிவத்தில் குறி. கண்ணுக்கு அது சரி. தெர்மலில் சாதாரணப் பெயின்ட் எல்லாம் ஒன்றுதான். வெள்ளைப் பெயின்டும் கறுப்புப் பெயின்டும் ஒரே சூட்டில் இருந்தால் ஒரே அளவு கதிரைத்தான் வீசும். குறி திரையில் கரைந்துவிடும்.

பளபளக்கும் உலோகம் மட்டும் வேறு சாதி. மனிதத் தோல் தன் சூட்டுக்கு வீச வேண்டியதில் 100-க்கு 98 பங்கை வீசுகிறது. மெருகேற்றிய அலுமினியம் 5 பங்கு வாக்கில்தான் வீசும். மிச்சத்துக்கு எதிரே இருப்பதைக் கண்ணாடி போல் காட்டும். அதனால் பிற்பாடு வந்த அடையாளப் பலகைகளில் அப்படிப்பட்ட மெல்லிய படலத்தை ஒட்டி, பலகையின் பட்டைகளை மேல் நோக்கிச் சாய்த்து வைத்தார்கள். மேகமில்லாத வானம் தெர்மலில் கடுங்குளிர். பலகை அந்த வானத்தைத் தன் மேல் ஏந்திக்கொள்ளும், சூடான வண்டியின் நடுவே கறுப்புக் கட்டமாகத் தெரியும். மின்சாரம் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

நான் ஒரு தடவை துணுக்குப் படலத்தைக் கையிலேயே ஒட்டிப் பார்த்தேன். திரையில் என் புறங்கை வெண்மையாக ஒளிர்கிறது, நடுவே சதுரமாக ஓட்டை போட்டு வானம் தெரிகிற மாதிரி. கையைத் தரைப் பக்கம் திருப்பினால் ஓட்டை மங்கிப்போகிறது.

அதுதான் அதன் பலவீனமும். வானம் மேகமூட்டமாக இருந்தால் மேகத்தின் சூடு தரைச் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும், குறியும் மங்கும். சேறு அப்பினால் போயே போய்விடும். மழை நனைத்தாலும் அப்படித்தான், நீர்ப் படலம் தோல் மாதிரி முழுக்க வீசும்.

ஜூன் 15, இரவு 9.25

மழை என்றதும் நினைவு வந்தது. தினமும் இரண்டு வேளை, பொழுது விடிந்து சற்று நேரத்திலும் பொழுது சாய்ந்து சற்று நேரத்திலும், இரும்பின் சூடும் மண்ணின் சூடும் ஒன்றையொன்று கடக்கும். அந்தச் சில நிமிடங்கள் திரை சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும். நீண்ட மழைக்குப் பிறகு நாள் முழுக்கவே அப்படி. கருவி கெட்டுவிட்டது என்று அந்த நேரங்களில் வந்த புகார்களை நான் பிரித்துப் பார்க்காமலேயே திருப்பி அனுப்பியதுண்டு. அதில் ஒன்று உண்மையிலேயே கெட்டிருந்தது. அந்தத் தவறை இன்னும் மறக்கவில்லை.

ஜூன் 22, மாலை 6.15

குளிர்விக்காத கேமரா பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். 1878-ல் லாங்லி என்ற வானியலாளர் செய்த போலோமீட்டர் என்ற வெப்பக் கதிர் அளக்கும் கருவியின் கொள்ளுப்பேரன் அது. சூடு பட்டால் மின்தடை மாறும் வனேடியம் ஆக்சைடு, ஒவ்வொரு பிக்சலும் இரண்டு மெல்லிய கால்களில் நிற்கும் ஒரு குட்டிப் பாலம். 1980-களில் அமெரிக்காவில் ஹனிவெல் ஆய்வுக்கூடம் இதை ரகசியமாக உருவாக்கியது, 1992-ல்தான் வெளியே வந்தது. அன்றைக்கு ஒரு பிக்சல் 50 மைக்ரான், இன்றைக்கு 12. நல்லது ஒன்று ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு வித்தியாசத்தையும் காட்டும். ஓட்டுநருக்கு இருட்டில் பாதை காட்ட இது போதும், சுவிட்சைப் போட்டதும் படம் வந்துவிடும். ஆனால் அந்தப் பாலம் சூடேறி ஆற சுமார் பத்து மில்லி செகண்ட் ஆகும், வேகமாகத் திரும்பினால் படம் இழுபடும்.

இடையிடையே டக்கென்று ஒரு சத்தம், படம் அரை நொடி உறைந்து நிற்கும். உள்ளே ஒரு தகடு விழுந்து எல்லாப் பிக்சலுக்கும் ஒரே சூட்டைக் காட்டிச் சமன் செய்கிறது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் விளக்கில்லாமல் ஓட்டுகிறவருக்கு அந்த அரை நொடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும். இதை ஓட்டுநர்களுக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டும் என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.

அப்பாச்சி பைலட்டுகளுக்கு இன்னும் கஷ்டம். தலை திரும்பும் பக்கமெல்லாம் மூக்கில் உள்ள தெர்மல் கேமராவும் திரும்பும், படம் வலது கண்ணின் முன் உள்ள சின்னக் கண்ணாடியில் விழும். இடது கண் வெறும் இருட்டைப் பார்க்கிறது. கேமராவோ அவர் கண்ணுக்குச் சுமார் 3 மீட்டர் முன்னால், 1 மீட்டர் கீழே இருக்கிறது. தன் கண் தன் முழங்காலுக்கும் முன்னால் போய்விட்ட மாதிரி நினைத்துக்கொண்டு தரையிறங்க வேண்டும். இதைப் பழகிய மனிதர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. அவர்கள் தவறு செய்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து திட்டுகிறவர்கள் ஒரு தடவை அந்தக் கண்ணாடியை மாட்டிப் பார்க்க வேண்டும்.

ஜூலை 2, இரவு 10.30

கடைசியாக வந்த கேள்வி: 'ஒரு கேமராவின் தூரம் இத்தனை கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அதை நம்பலாமா?'

எதைக் காணும் தூரம் என்று கேளுங்கள். ஒரு தடவை எங்களுக்கு வந்த கருவியின் தாளில் ஒரே ஓர் எண்தான் இருந்தது. ஏதோ இருக்கிறது என்று தெரியும் தூரமா, வகை தெரியும் தூரமா, எந்த அளவு பொருளுக்கு, எந்த வானிலையில் என்று எழுதிக் கேட்டேன். விற்றவர்களிடமிருந்து அதே தாள்தான் திரும்பி வந்தது.

அப்புறம் நாங்களே ஓர் ஏற்பாடு செய்தோம். எங்கள் வண்டிகளையே வெவ்வேறு தூரத்தில் நிறுத்தி, எது எங்கே என்று சொல்லாமல், கன்னர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கேட்டோம். மூன்று இரவுகள். 'இருக்கிறது' என்று சொன்ன தூரம், 'லாரி' அல்லது 'டாங்கி' என்று சொன்ன தூரம், 'நம்முடையது' என்று சரியாகச் சொன்ன தூரம். ஜான்சனின் கணக்குக்கு அருகில்தான் வந்தது, பல இடங்களில் அதைவிட மோசம்.

அந்த மூன்று எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் கையால் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். தெளிந்த இரவுக்கு ஒரு வரி, தூசிக்கு ஒரு வரி. நான் வேலையை விடும்போது சீட்டு மூன்று தடவை கிழிந்து, மூன்று தடவையும் வேறு வேறு கையெழுத்தில் திரும்ப எழுதி ஒட்டப்பட்டிருந்தது. மழைக்கு என்று போட்ட வரி மட்டும் கடைசி வரை காலியாகவே இருந்தது. எத்தனை இரவு முயன்றும் இரண்டு தடவை ஒரே எண் வரவில்லை.